கையெழுத்திட்ட நாள்

ஜூன் 10, செவ்வாய்

பதினேழு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

நான் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் பெற்றவன். கௌரவத்துக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. என்னோடு ஒரே நாளில் நேர்காணலுக்கு வந்த தங்கதுரை இப்போது துறைத் தலைவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சம்பளம். அவரை ஏன் எடுத்தார்கள் என்பது பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே எழுத விருப்பமில்லை.

ஆகஸ்ட் 24இல் அரசு மேல்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர் பணிக்குத் தேர்வு. நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். பெரும்பகுதி உலக வரலாறு. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போயிற்று. வயது வரம்புப்படி இதுவே கடைசி.

செண்பகம் என்னைக் கேட்காமலே ஒரு பயிற்சி மையத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

“எனக்கு யார் வரலாறு சொல்லித் தரப்போறா?” என்றேன்.

“வரலாறு ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம். அது ஒங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை தெரியும். ரெண்டும் வேறல்லா?”

பதினேழு ஆண்டுகளில் என் மனைவி உலக வரலாற்றைப் பற்றிச் சொன்ன ஒரே கருத்து இது.

ஜூன் 12, வியாழன்

மையம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடி. கீழே டயர் கடை. ஒருவர் டயர் கழற்றினால் மேலே பிரெஞ்சுப் புரட்சி நின்றுவிடுகிறது. நாற்பது பேர் இருக்கிறார்கள். முப்பதைத் தாண்டியவர்கள் நான்கைந்து பேர். ஐம்பதை நெருங்கியவன் நான் ஒருவன்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பாடம் நடத்த வந்த பெண் என்னைப் பார்த்ததும் மேடையிலிருந்து இறங்கினாள். பேச்சியம்மாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் பி.ஏ.வில் என் மாணவி. அப்போது முன்வரிசையில் வாய் திறக்காமல் எழுதிக்கொண்டிருப்பாள். இப்போது கழுத்தில் மைக் தொங்குகிறது.

“சார், நீங்களா? செண்பகம்னு ஒரு அக்காதான் போன்ல பேசினாவ. ஒங்க வீட்டம்மான்னு தெரியாது.”

“தெரிஞ்சா வேண்டாம்னு சொல்லியிருப்பியா?”

“பயந்திருப்பேன் சார்.”

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவளை நான் எப்படிக் கூப்பிடுவது என்பது தீரவில்லை. மற்றவர்கள் மேடம் என்கிறார்கள். நான் எந்தப் பெயரும் சொல்லாமல் பேசிவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

அவளுடைய முறை இது. கேள்வியைப் படித்துப் பத்து எண்ணுவதற்குள் விடை சொல்ல வேண்டும். “மேற்கண்ட அனைத்தும்” என்று இருந்தால் யோசிக்காமல் அதுதான். “எப்போதும்”, “ஒருபோதும்” என்ற சொல் இருந்தால் அது தவறு. இதற்கு வரலாறு தேவையில்லை.

முதல் உலகப் போரின் உடனடிக் காரணம் என்ன என்று என்னைக் கேட்டாள். இளவரசர் கொலை என்பது விடை. “ஆனா, படைகளை ரயிலில் அனுப்பும் கால அட்டவணை தயாரான பிறகு எந்த அரசாலும் போரை நிறுத்த முடியவில்லை” என்று ஆரம்பித்தேன்.

“சார், இந்த ‘ஆனா’தான் ஒங்க வியாதி. மார்க்க அதுதான் தின்னுது. கேள்வி எடுத்தவரு மனசுல என்ன இருக்கோ அத எழுதுங்க. வரலாத்துல இருக்கத எழுதாதீங்க.”

கரும்பலகை ஓரத்தில் என் பெயர் போட்டு, நான் “ஆனா” சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு இழுப்பது என்று முடிவானது. முடிவெடுத்தது முன்வரிசை. வகுப்பு முடியும்போது ஒரு பெண், “ஆவுடையப்பன் சார் இன்னைக்கு ஆறு ரன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் குறித்துவைத்துக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. மோட்டாரில் காற்று இழுக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

தங்கதுரை என் மாலை வகுப்புகளைக் காலைக்கு மாற்றியிருக்கிறார். நான் கேட்கவில்லை. “நீங்க எங்கயோ கோச்சிங் போறீயளாமே, லேட்டாகக் கூடாதுல்லா” என்றார். அலுவலக உதவியாளர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் பயிற்சி மையத்துக்குப் போவது இனி துறை முழுக்கத் தெரியும். இப்படித்தான் செய்வார். உதவி மாதிரி இருக்கும்.

ஜூலை 2, புதன்

கோடுகள் இரண்டாகக் குறைந்திருக்கின்றன. மாதிரித் தேர்வில் மூன்றாம் இடம். முதல் இடம் வந்தவன் திரும்பி, “சார், உங்க பக்கத்துல உக்காரட்டுமா?” என்றான். பார்த்து எழுதவா என்று கேட்டேன். இல்லையாம், பைசாண்டியப் பேரரசு புரியவில்லையாம்.

ஜூலை 9, புதன்

பேச்சியம்மாளின் குரல் ஒரு வாரமாகக் கம்மியிருக்கிறது. தொண்டையில் சிறு கட்டி, ஆறு மாதம் பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அவள் ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் பேசுகிறாள். பேசாவிட்டால் மையம் இல்லை. மையம் அவள் கணவனின் அண்ணனுடையது. அவர் லீவு தரமாட்டார்.

“நானும் எழுதுதேன் சார் இந்தப் பரீட்சைய. எனக்கு இது மூணாவது. போன தடவ ஒரு மார்க்குல போச்சு. வேல கெடச்சுட்டா மெடிக்கல் லீவு போட்டு தொண்டைக்கு வைத்தியம் பாத்துருவேன். இல்லாட்டி இப்படியே காத்தா போயிரும்.”

நான் சுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். நாற்பது பேருக்குப் பரீட்சை சொல்லித் தருகிறவளுக்குப் பரீட்சை வரவில்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்று சுத்தமாகக் குரல் இல்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டினாள்: “சார், ஒரு வகுப்பு எடுப்பீங்களா? அமெரிக்க விடுதலைப் போர்.”

எடுத்தேன். மைக் வேண்டாம் என்றேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். ஜூலை 4இல் பிரதிநிதிகள் எல்லோரும் வரிசையில் நின்று பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்பது கதை, அன்று அந்த வாசகத்தை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று சொன்னேன். தோலில் அழகாக எழுதி முடித்து, பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. அன்று ஊரில் இல்லாத சிலர் அதற்கும் பிறகு வந்து போட்டார்கள். தோற்றிருந்தால் அந்தக் கையெழுத்துக்குத் தூக்குத் தண்டனை. ஆகவே பெயர்களை உடனே வெளியில் விடவில்லை, பல மாதம் கழித்துத்தான் பெயர்களோடு அச்சிட்டார்கள். பின்வரிசையில் ஒருவன், “அப்போ அவனுவளும் பயந்துதான் இருந்திருக்கானுவ” என்றான். சரியாகப் பிடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகம், “என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள். மழையில் நனைந்தேன் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

பேச்சியம்மாளுக்குக் குரல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. வகுப்பின் தொடக்கத்திலேயே, “திங்கக்கிழம சார் எடுத்ததுல ஒரே ஒரு திருத்தம். கையெழுத்துப் போட்ட தேதின்னு கேள்வி வந்தா ஜூலை 4 போடுங்க. ஆகஸ்ட் 2 போடாதீங்க. பழைய வினாத்தாள்ல ரெண்டு தடவ ஜூலை 4தான் விடைன்னு குடுத்துருக்கான்” என்றாள். நாற்பது பேரும் குறிப்பேட்டில் அடித்துத் திருத்தினார்கள். நாற்பது பேனாவின் சத்தம் கேட்டது.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஆகஸ்ட் 2ன்னு எனக்குத் தெரியும். நீங்கதான் செகண்ட் இயர்ல சொல்லித் தந்தீங்க. இந்த ஊர்ல வேற யாரு அத சொல்லப் போறா? கைடு எல்லாத்துலயும் ஜூலை 4தான்.”

“தெரிஞ்சுமா?”

“புள்ளைங்க பாஸ் ஆவணும் சார்.”

பரவாயில்லை என்றேன். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

காய்ச்சல் மாதிரி இருந்தது. வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 21, திங்கள்

இன்றும் போகவில்லை. பேச்சியம்மாள் இரண்டு முறை அழைத்தாளாம். செண்பகம் பேசியிருக்கிறாள். “அந்தப் பிள்ளைக்கு சத்தமே வரல. ஒங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேக்கா” என்றாள். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். “தொட்டா பச்சத்தண்ணி மாதிரி இருக்கு” என்றாள். ஆனாலும் சொன்னாள்.

ஜூலை 28, திங்கள்

போனேன். இனி பாடம் எடுக்க நேரமில்லை, படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பேசாமல் இருக்கப் பழகுகிறாள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

நாளை தேர்வு. கறுப்புப் பேனா இரண்டு வாங்கினேன். சாயங்காலம் பேச்சியம்மாளிடமிருந்து செய்தி: “பதற்றப்படாம எழுதுங்க சார். ‘ஆனா’ வந்தா அடுத்த கேள்விக்குப் போயிருங்க.” நன்றி என்று பதில் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதினேன். அந்தக் கேள்வி வந்தது. “அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் கையெழுத்திட்ட நாள்.” ஜூலை 2, ஜூலை 4, ஆகஸ்ட் 2, செப்டம்பர் 3. பெரும்பாலோர் என்று எழுதியிருக்கிறான். அப்படிக் கேட்டால் ஐயத்துக்கே இடமில்லை. அந்தச் சொல்லின் மேல் அதிக நேரம் பேனாவை வைத்திருந்தேன். ஆகஸ்ட் 2 என்று கறுப்பாக்கினேன்.

வாசலில் மையத்துப் பிள்ளைகள் கும்பலாக நின்றார்கள். ஒரு பெண் ஓடிவந்து, “சார், அந்தக் கையெழுத்துக் கேள்வி வந்துருச்சு பாத்தீங்களா? மேடம் சொல்லாட்டி போயிருக்கும்” என்றாள். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

தற்காலிக விடைக்குறிப்பு வந்துவிட்டது. ஜூலை 4.

விடைத்தாளின் கார்பன் நகலை வைத்துக்கொண்டு மூன்று முறை கூட்டினேன். செண்பகம் தனியாக ஒரு முறை கூட்டினாள். எனக்கும் பேச்சியம்மாளுக்கும் ஒரே ஒதுக்கீட்டுப் பிரிவு; அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இம்முறை கட்-ஆஃப் நூற்று நான்கில் நிற்கும் என்று எல்லா மையங்களும் சொல்கின்றன. எனக்கு நூற்று மூன்று.

“ஒரு மார்க்கா?” என்றாள். பிறகு அவரைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

விடைக்குறிப்பில் தவறு இருந்தால் 9ஆம் தேதி மாலைக்குள் ஆட்சேபம் அனுப்பலாம். தரமான நூலின் பக்கத்தை இணைக்க வேண்டும். கைடுகள் செல்லாது. தேர்வு எழுதிய யாரும் அனுப்பலாம். பெயரும் பதிவு எண்ணும் கட்டாயம்.

செப்டம்பர் 4, வியாழன்

நூல் துறை நூலகத்தில் இருக்கிறது. வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவனே நான்தான். சாவி தங்கதுரையிடம். எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று தயாரித்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. தூசி தட்டிக் கொடுத்தார். “ஒங்களுக்கு வந்துரும் ஆவுடையப்பன். வந்துட்டா நாங்கதான் தனியாப் போயிருவோம்” என்றார். எதையும் மறைத்துச் சிரிக்கத் தெரிந்தவர்.

பக்கத்தைக் கண்டுபிடித்தேன். தெளிவாக இருக்கிறது. இரண்டு வரி.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். காலையில் பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்தாள். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தாள். காலில் விழப் போனாள், செண்பகம் தடுத்துவிட்டாள். குரல் காற்று மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்டது.

மையத்திலிருந்து இரண்டு கேள்விகளுக்கு மொத்தமாக ஆட்சேபம் அனுப்புகிறார்களாம். ஒன்று வியன்னா மாநாடு, மற்றது சீனாவில் தாய்பிங் கிளர்ச்சி. ஆதாரத்துக்கு நல்ல புத்தகம் வேண்டும். என் அலமாரியில் இரண்டும் இருந்தன. பக்கத்தைக் காட்டினேன். போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

“சார், ஒங்களுக்கு எத்தன வருது?”

“கூட்டிப் பாக்கல.”

“ஒங்களுக்கு நிச்சயம் வந்துரும். எனக்கு சரியா நூத்தி நாலு.” கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். “அந்த ரெண்டு கேள்வியிலயும் விடைக்குறிப்புல இருக்கத எழுதிட்டேன். அத மாத்துனா எனக்கு ஒரு லாபமும் இல்ல, ரெண்டு போவும். பதிலுக்கு வேற ரெண்டு கேள்விய நெல்லைல இன்னொரு மையம் அனுப்புது, அதுல எனக்கு ரெண்டு வரும். எல்லாம் சேத்துப் பாத்தாலும் நூத்தி நாலுதான்.”

“சொந்த மார்க்கு போவும்னு தெரிஞ்சே அனுப்புதியா?”

“என் புள்ளைங்க இருவது பேருக்கு அதுல மார்க்கு வருது சார். நான் எப்படி விட?”

செண்பகம் காப்பி கொண்டுவந்தாள். பேச்சியம்மாள் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

“அந்தக் கையெழுத்துக் கேள்விய மட்டும் யாரும் தொடாம இருந்தா போதும். நாப்பது பேரும் நான் சொன்னத எழுதியிருக்காங்க. நானும் அதான். யாரும் தொட மாட்டாங்க. கைடுல எல்லாம் அதான் இருக்கு. சந்தேகமே வராது.” என்னைப் பார்த்தாள். “நீங்க விட்டுருவீங்கல்லா சார்?”

“நான் என்ன எழுதினேன்னு நீ கேக்கலியே.”

“ஒங்களுக்குத்தான் வந்துருமே” என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் சம்மதம் என்று சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். போகும்போது மேசையைப் பார்த்தாள். நூலகப் புத்தகத்தின் மேல் செய்தித்தாள் கிடந்தது.

“பாவம், அந்தப் பிள்ளை” என்றாள் செண்பகம், கதவைச் சாத்திவிட்டு.

செப்டம்பர் 6, சனி

பால்காரர் வரவில்லை. மோட்டார் சரி செய்யப்பட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இதில் தனிப்பட்ட விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. தேதி ஒன்றுதான். நாற்பது பேர் அடித்துத் திருத்தினாலும் அது மாறாது. தவறான விடையை எழுதியவர்கள் வேலைக்குப் போய் அதே தவறை அடுத்த முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள். சரியாக எழுதிய எத்தனையோ பேர் எங்கெங்கோ உட்கார்ந்து ஒரு மதிப்பெண்ணை இழந்திருப்பார்கள். அவர்களுக்காகவாவது யாராவது பேச வேண்டும்.

நானே என் பதிவு எண்ணோடு அனுப்பலாம். ஆனால் என் ஒரு குரல் ஏற்கப்படுமா என்பது சந்தேகம். நூறு பேர் அனுப்பினால் பார்ப்பார்கள். மேலும், யார் யார் எதற்கு ஆட்சேபம் அனுப்பினார்கள் என்ற பட்டியல் எப்படியோ மையங்களுக்கு வந்துவிடும் என்கிறார்கள். ஊரில் நாற்பது குடும்பத்தோடு எனக்கு என்ன பகை?

தேர்வர்களுக்கு ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது. பல ஆயிரம் பேர். நிர்வாகிக்கு அனுப்பினால், பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலே போடுவார்.

செப்டம்பர் 8, திங்கள்

மதியம் கல்லூரியிலிருந்து வந்து எழுதி முடித்தேன். கேள்வி எண், விடைக்குறிப்பு, சரியான விடை, நூலின் பக்கப் படம். பிறகு ஒரு பத்தி விளக்கம். பத்து வரிக்குள் எழுத நினைத்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது. தோலில் எழுதியது, ஊரில் இல்லாதவர்கள் பிறகு வந்து போட்டது, தூக்குத் தண்டனைக்குப் பயந்து பெயர்களை வெளியிடாமல் வைத்தது எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். தேதியை மட்டும் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காரணத்தோடு சொன்னால் மனதில் நிற்கும். படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது.

செண்பகத்திடம் படித்துக் காட்டினேன். மாடியில் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“இது மாறிட்டா ஒங்களுக்கு வந்துருமா?”

“வாய்ப்பு இருக்கு.”

“அந்தப் பிள்ளைக்கு?”

“அவ விஷயம் வேற. அவ எழுதினது தவறான விடை.”

ஒரு சட்டையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

“அதுக்குத் தெரிஞ்சிராதா?”

“எப்படித் தெரியும்? யாரு வேணும்னாலும் எழுதியிருக்கலாம். பொது நூலகத்துலயும் இருக்கிற புத்தகம்தான்.”

“அப்போ பேரப் போட்டே அனுப்புங்களேன்.”

 இதில் அவளுக்கு என்ன புரியும்? துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

கடைசி வரியில் முனைவர் என்று போட்டு என் பெயரைத் தட்டியிருந்தேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அதை அழித்தேன். நிர்வாகிக்குத் தனியாக ஒரு வரி சேர்த்தேன்: பெயர் வேண்டாம்.

நாளை மாலை வரைதான் நேரம். இன்றே போட்டால்தான் மற்றவர்கள் ஆட்சேபம் அனுப்ப ஒரு நாளாவது கிடைக்கும். பெயரில்லாமலே அனுப்பிவிடுகிறேன்.